கடகடத்த இடது கதவு

வண்டிக் கதவுகளுக்கு ஸ்பீக்கர் பெட்டி கட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு வணக்கம். தர்மபுரியில், சேலம் போகிற சாலையோரம், இருபத்தாறு வருடம் இதையே செய்து பிழைத்தவன் நான். ஐம்பத்து மூன்று வயதில் கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். காரணம் காது. இடது காதுக்குள் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. என் மனைவி சொல்வது எதுவும் அதைத் தாண்டி உள்ளே வருவதில்லை. டாக்டர் இதைக் குறைபாடு என்கிறார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

பலகையை எந்த அளவில் அறுப்பது, பசை எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே கிடைக்கிறது. அதில் வந்து பேசுகிறவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தலையில் முடியும் இருக்கிறது. எனவே அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஆரம்பத்தில் எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். கண்ணாடியை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு கதவை அளந்து பெட்டி கட்டிவிட்டேன். அந்தக் காரின் சொந்தக்காரர் தொப்பூர் சுங்கச்சாவடியில் கண்ணாடியை இறக்கப் பார்த்தபோது, அது பாதியில் ஸ்பீக்கரின் காந்தத்தில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, மனிதர் கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். பேசியதில் பாதி என்னைப் பற்றி. ஆனால் அது அளவுத் தப்பு. அளவுத் தப்பை அடுத்த வண்டியில் திருத்திக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது, அளவெல்லாம் மயிரிழை பிசகாமல் இருந்த ஒரு வேலையைப் பற்றி.

தீர்த்தகிரி வத்தல்மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். காலையில் மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்கு இறங்குவார், பிற்பகலில் ஏறுவார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, மீதி நமக்கே தெரியும் என்ற நம்பிக்கையில் பாதியில் விட்டுவிடுவார். நான் அதற்கு நேர்மாறு. மற்றவர்களுடைய வாக்கியத்தையும் சேர்த்து நானே முடித்துவிடுவேன்.

அதே மலைக்கு ஓடுகிற இன்னொரு ஜீப்பில் பாட்டு வைத்துவிட்டார்கள். இளவட்டங்கள் எல்லாம் அந்த ஜீப் வரும்வரை காத்திருந்து ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

“பேஸு நெஞ்சுல வந்து இடிக்கணும்ணா” என்றார் தீர்த்தகிரி.

ஜீப்பின் இடது கதவைப் பார்த்தேன். உள்பக்கம் முழுவதும் ஒரு ரெக்சின் பாக்கெட் தைத்திருந்தது. ஒரு கைக்குழந்தையை உட்கார வைக்கலாம், அத்தனை ஆழம்.

“இத எடுத்தாத்தான் பெட்டி உக்காரும்” என்றேன்.

“அந்தப் பாக்கெட்டு வந்துண்ணா, மேல இருக்கறவங்க…”

“தண்ணி பாட்டில் வைப்பாங்க, அதான? கால்கிட்ட வெச்சுக்கச் சொல்லுங்க. கதவு சும்மா கெடக்கற எடம் இல்ல தீர்த்தகிரி. அதுக்குள்ள ஒரு கச்சேரியே ஒளிஞ்சிருக்குது.”

“சரிங்ணா. நீங்க சொன்னா…”

அவர் நிறுத்திய இடத்தில் நான் பிளேடை எடுத்து பாக்கெட்டை அறுத்தேன்.

அந்தப் பெட்டி என் வாழ்நாளின் சிறந்த பெட்டி. இதை இப்போதும் சொல்வேன். பெட்டிக்குள் காற்று போய்வர ஒரு துவாரம் வேண்டும், கனமான பேஸ் ஒலி அதன் வழியாகத்தான் வெளியே வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வாயைச் சங்கின் வாய்போல விரித்து, வழவழவென்று தேய்த்து மெருகேற்றினேன். ஜன்னலுக்குச் சற்றுக் கீழே, பழைய பாக்கெட்டின் வாய் இருந்த அதே இடத்தில், அண்ணாந்து பார்த்தபடி அது அமைந்தது. கடைக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் அந்த வாயைத் தடவிப் பார்த்தார்கள். படைத்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்.

“எடது பக்கம் கடகடங்குதுண்ணா.”

பாட்டைப் போட்டேன். பேஸ் அடிக்கும்போதெல்லாம் லேசாகக் கடகடத்தது. கதவின் கீல் தளர்ந்திருக்கிறது என்று முடிவுசெய்து முடுக்கிக் கொடுத்தேன். வியாழக்கிழமை மறுபடியும் வந்தார். சத்தம் வளர்ந்திருந்தது. கண்ணாடி ஓடும் தடத்துக்கு ரப்பர் வைத்தேன். முன் சீட்டைக் கழற்றி மாட்டினேன். டேஷ்போர்டைப் பிரித்தேன். அதற்குள்ளிருந்து முந்தைய சொந்தக்காரரின் சீப்பு ஒன்று கிடைத்தது. அதுதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

“பெட்டிய ஒருக்கா அவுத்துப் பாத்தா…” என்றார் தீர்த்தகிரி.

“எம்பெட்டிலருந்து கடகட வராது. பாட்டுதான் வரும்.”

சனிக்கிழமை மூன்றாவது முறையாக வந்தபோது அந்தக் கதவு பாத்திரக்கடை போல ஒலித்தது. ஆனால் தீர்த்தகிரி அதைப் பற்றிப் பேசவில்லை.

“நாளைக்கு ஊர்க் கூட்டத்துக்கு வரச் சொல்லி இருக்காங்கண்ணா.”

“இந்தச் சத்தத்துக்கெல்லாமா கூட்டம் போடறாங்க?”

“சத்தத்துக்கு இல்லீங்ணா. எம்பேருக்கு.”

பிறகு அவர் பேசினார். நான் கேட்டதிலேயே அவருடைய நீளமான பேச்சு அதுதான். மலையூர்க்காரர்களுக்கு டவுனில் ஆகவேண்டிய வேலை எதுவாக இருந்தாலும், காலையில் ஜீப் கிளம்புமுன் அந்தக் கதவுப் பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டோடு வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். மாத்திரைச் சீட்டு, ரிப்பேர் பார்க்கவேண்டிய கைக்கடிகாரம், நகலெடுக்கவேண்டிய அட்டை, எல்லாம். அவரிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. அவர் அப்போது டீ குடித்துக்கொண்டிருப்பார். டவுனில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்ப அதே பாக்கெட்டில் வைப்பார். மேலே போனதும் அவரவர் கையை விட்டு அவரவருடையதை எடுத்துக்கொள்வார்கள். பஸ் வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. பஸ்ஸுக்குக் கதவில் பாக்கெட் இல்லையே.

“பாக்கெட்டு போயிட்டதுன்னு முன்னாடி ஒரு மஞ்சப்பைய மாட்டி வெச்சண்ணா. இந்த ஒரு வாரமா அதுல ஒருத்தரும் ஒண்ணும் வைக்கல. சரி, பஸ்ல குடுத்து அனுப்பறாங்கன்னு நெனச்சன். இப்ப என்னான்னா, குடுத்த சாமான் எங்கடான்னு என்னயக் கேக்கறாங்க. நீங்க எங்க குடுத்தீங்கன்னு நானும் கேட்டுப்புட்டன். அதோட யாரும் பேசறதில்ல. பதினோரு பேருண்ணா. திருடன்னு வாயால யாரும் சொல்லல. அது ஒண்ணுதான் பாக்கி. பேரு போச்சுன்னா அந்த மலைல நான் வண்டி ஓட்ட முடியாது.”

இவ்வளவையும் கேட்ட பிறகாவது என் மண்டையில் விளக்கு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. “நாளைக்கு நானும் கூட வரேன். வளைவுலதான் சத்தம் ஜாஸ்தியா வருது, எங்கன்னு கண்டுபிடிச்சிரலாம்” என்றேன். ஒரு மனிதனுடைய மானம் போய்க்கொண்டிருக்கிறது. நான் கடகடவைப் பிடிக்கக் கிளம்பினேன். இதை ஆறுதலாகச் சொன்னேன் என்பதுதான் வேடிக்கை.

மறுநாள் பிற்பகல் தோளில் கருவிப் பையும் கையில் ஒரு ஸ்டெதாஸ்கோப்புமாக ஜீப்பில் ஏறினேன். சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. மருந்துக் கடையில் வாங்கியது. மலை ஏற ஏற, குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு கதவுச் சட்டம், கண்ணாடி, சீட்டின் கால் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். பின்சீட்டில் இருந்த ஒரு அம்மாள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தன் கையை நீட்டினார்.

“டாக்டரே, எனக்கும் வெச்சுப் பாருங்க. ராத்திரில படபடங்குது.”

“நான் வண்டிக்குத்தாங்க டாக்டரு.”

“வண்டிக்கே பாக்கறீங்க, மனுசருக்குப் பாக்கமாட்டீங்களா?”

வைத்துப் பார்த்தேன். அந்த அம்மாளின் இதயத்தில் கடகட எதுவும் இல்லை. அதையே சொன்னேன். அவர் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஜீப்பில் இருந்த அத்தனை உலோகத்திலும் ஒரு மனித இதயத்திலும் வைத்துப் பார்த்த அந்தக் குழாயை, ஓர் இடத்தில் மட்டும் நான் வைக்கவில்லை. அது எங்கே என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

கூட்டம், ஜீப் வந்து நிற்கிற இடத்திலேயே, காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தை ஒட்டி நடந்தது. முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்குகிறவர், நல்ல கறுத்த மீசை. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

“இத்தன வருசத்துல ஒரு தீப்பெட்டி கொறஞ்சதில்ல தீர்த்தகிரி. இந்த ஒரு வாரமா பதினோரு பேரு சாமான் போன எடம் தெரியல. நாங்க ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லு.”

“எங்கிட்ட யாரும் ஒண்ணும் குடுக்கலீங்க. பைய மாட்டி வெச்சன். அதுல காத்துதான் இருந்துச்சு.”

சின்னப்பாப்பா என்ற ஐம்பது வயதுப் பெண்மணி எழுந்தார். அவருடைய வீட்டுக்காரருக்கு வலிப்பு நோய். பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைத்தான் அவர் வைத்திருந்தார். சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைக் கடையில் கொடுக்கமாட்டார்கள். வீட்டில் இன்னும் இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறதாம்.

“பையில எதுக்குப்பா நான் போடறன்? கதவுலதான போட்டன், எப்பயும் போல.”

“கதவுல ஏதுக்கா பாக்கெட்டு? அதான் எடுத்தாச்சே.”

“பழச எடுத்துப்புட்டு புதுசா வாயி வெச்சுக் கட்டிருக்கியே, வழுவழுன்னு. வளைவுல சாமான் கொட்டாம இருக்கட்டும்னு செஞ்சிருக்கான், புத்திசாலிதான்னு நாங்களே பேசிக்கிட்டோம். உள்ள போயி டொக்குன்னு விழுந்துச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் நான் நவுந்தன்.”

டொக்.

ஒரு வாரமாகக் கீல், ரப்பர், சீட்டு, சீப்பு என்று நான் தேடியது அந்த ஒரு சொல்லில் இருந்தது. என் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப் திடீரென்று கனத்தது. சங்கு வாய் போல நான் விரித்து மெருகேற்றிய அந்தத் துவாரத்தை மலையூர்க்காரர்கள் பார்த்த பார்வை, என் பார்வையைவிட நியாயமானது. பாக்கெட் இருந்த இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், அழகாக வாய் திறந்திருக்கும் ஒன்றை வேறு என்னவென்று நினைப்பார்கள்?

தீர்த்தகிரிக்கும் அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. அவர் என் பக்கம் வந்து காதோரம் குனிந்தார். நல்ல வேளையாக வலது காது.

“அண்ணா, இப்ப அவுக்காதீங்க. கீழ போயி அவுத்து எடுத்துக்கிட்டு வந்து குடுத்தரலாம். இத்தன பேரு முன்னாடி உங்க தொழில் பேரு…”

என் ஜாதகத்திலேயே முதல் முறையாக ஒருவருடைய வாக்கியத்தை நான் முடிக்காமல் விட்டேன்.

அவர் சொன்னதில் எனக்கு ஆசை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஜீப் கீழே போகும். கடைக்குள் ஷட்டரை இறக்கிவிட்டுத் திறப்பேன். சாமான்கள் எப்படியோ கிடைத்துவிட்டன என்று அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். என் பெயர் பிழைக்கும். ஆனால் திருடியதைப் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தான் என்ற பேச்சு அவரை விடாது. பேர் போய்க்கொண்டிருப்பது அவருக்கு. கவலைப்படுவது என் பேருக்காக. இப்படி ஒரு மனிதனை அங்கே நிற்க வைத்துவிட்டு யோசிப்பதற்கு எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம், ஒரு ஸ்க்ரூடிரைவரைப் பையிலிருந்து எடுக்கிற நேரம்தான்.

“ஐயா,” என்றேன் ஊர்க்கவுண்டரிடம். “சாமானெல்லாம் வண்டியிலதான் இருக்குது. எடுத்தது தீர்த்தகிரி இல்லீங்க. நான் கட்டின பெட்டி முழுங்கிருச்சு.”

“நீங்க டாக்டர்னு சொன்னாங்களே?”

“இந்தப் பெட்டியக் கட்டினவன் நான்தானுங்க.”

ஆறு ஸ்க்ரூ. ஒரு வாரமாக நான் தொட மறுத்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஸ்பீக்கரை வெளியே இழுத்து ஒயரில் தொங்கவிட்டுக் கையை உள்ளே விட்டேன். ஊரே கதவைச் சுற்றி நெருங்கி வந்தது.

முதலில் ஒரு கண்மருந்துப் பாட்டில். அடுத்து, ‘இது மாதிரி இன்னொண்ணு’ என்ற சீட்டுடன் ஒரு பூட்டுச் சாவி. கைக்கடிகாரம். ரப்பர் பேண்ட் போட்ட ஆதார் நகல். ரேஷன் கார்டுக்கான இரண்டு போட்டோக்கள். எந்த நிறத்தில் நூல் வேண்டும் என்று காட்டுவதற்கு ஒரு ரவிக்கைத் துணி. நான் ஒவ்வொன்றாகப் பெயரைப் படிக்க, ஆட்கள் முன்னால் வந்து வாங்கிக்கொண்டார்கள். ஏழாவதாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது. சின்னப்பாப்பா அதை விரித்து, டாக்டரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி மடித்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்றாவதாக வந்தது, முடிக்கு அடிக்கிற கறுப்புச் சாயத்தின் காலிப் பாக்கெட். இதே சரக்கு வேண்டும் என்பதற்கான மாதிரி. பெயர்ச் சீட்டு இல்லை.

“இது யாருதுங்க?”

ஊர்க்கவுண்டர் எதிர்மலையில் மேகம் இறங்குவதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருதோ, பாவம். நரைச்சுட்டா என்னாதான் பண்ணுவாங்க,” என்றார் சின்னப்பாப்பா. கூட்டம் சிரித்தது. ஊர்க்கவுண்டர் மீசையைத் தடவி, “அது வண்டிலயே இருக்கட்டும். வேணுங்கறவங்க வந்து வாங்கிக்குவாங்க,” என்று தீர்ப்பளித்தார்.

இன்னும் ஏதோ உள்ளே உருண்டது. துழாவி எடுத்தேன். அது என்னுடைய ஸ்க்ரூ. பெட்டி கட்டிய அன்று ஒன்று குறைகிறதே என்று கடை முழுக்கத் தேடியது. அதாவது, மலையூர்க்காரர்கள் ஒரு சாமானும் போடாமல் இருந்திருந்தாலும் அந்தக் கதவு கடகடத்திருக்கும். அதை யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டது போதும் என்று பட்டது. இன்றைக்கு உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன்.

இனி நீங்கள் ஒரு கதவில் பிளேடை வைக்குமுன், அதன் சொந்தக்காரரைப் பேசி முடிக்க விடுங்கள். அந்தக் கதவுக்குள் யார் யாருடைய கை வந்துபோகும் என்று கேளுங்கள். சத்தம் வந்தால் முதலில் உங்கள் பெட்டியைத் திறங்கள். ஊரார் வண்டியைப் பிரிப்பதற்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டு.

கூட்டத்தில் தீர்ப்பு என்று தனியாக எதுவும் சொல்லப்படவில்லை. ஊர்க்கவுண்டர் நாற்காலியை மடக்கச் சொன்னார், அவ்வளவுதான். தீர்த்தகிரி ஜீப்பின் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மன்னிப்பு கேட்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. சின்னப்பாப்பா நேராக அவரிடம் போய், ஆஸ்பத்திரிச் சீட்டை அவர் கையில் வைத்தார்.

“நாளைக்கே வாங்கிட்டு வந்துருப்பா. ரெண்டு நாளைக்குத்தான் இருக்குது.”

“சரிங்க்கா,” என்றார் தீர்த்தகிரி.

அவருக்குப் பின்னால் சாவிக்காரர் வந்தார். கடிகாரக்காரர் வந்தார். ரவிக்கைத் துணி வந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் பெயர் படித்து வாங்கிக்கொண்டு போன அத்தனையும் ஒவ்வொன்றாக அவர் கைக்குத் திரும்பி வந்தன. அவருடைய சட்டைப் பை நிரம்பியது. அதற்கு மேல் வந்தவற்றை வாங்கி அவர் என்னிடம் நீட்டினார்.

பழைய பாக்கெட்டை இடது கதவில் திரும்பத் தைத்துக் கொடுத்தது மறுநாள். வலது பக்கம் மட்டும் ஒரு சின்னப் பெட்டி, துவாரத்துக்குக் கம்பி வலை. கூட்டத்தன்று கீழே இறங்கும்போது இடது கதவில் ஸ்பீக்கர் ஒயரில் ஆடிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் நான். என் மடியில் கண்மருந்து, போட்டோ, ஆதார் நகல், சாயப் பாக்கெட். மூன்றாவது வளைவில் வண்டி மெதுவானது. கூட்டம் கலைந்து குறுக்குப் பாதையில் இறங்கி வந்திருந்த யாரோ ஒருவருடைய கை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அது என் முகத்தைத் தேடவில்லை, தீர்த்தகிரியையும் கூப்பிடவில்லை. மடியில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டது.

தீர்த்தகிரி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கெட்டியாப் புடிச்சுக்குங்கண்ணா,” என்றார். “அடுத்த வளைவுலயும் ஆளு நிக்குது.”